நுரையே இல்லாத தொட்டி

முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி பணி நினைவுகள் எழுத உட்காரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உட்காரலாம் என்பதே என் துணிபு. கிண்டித் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் மருந்துக் கூடம் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தபோது, நான் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு அடையாற்றில் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் நடத்த வந்துவிட்டேன். உற்பத்திக் கூடத்தைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். வயது குறைவு என்பது என் குற்றமன்று.

எழுதத் தூண்டியவள் என் வகுப்பின் கடைசி இருக்கை மாணவி ஒருத்தி. "மேடம், நீங்க நெஜமாவே கேன்சர் மருந்து செஞ்சீங்களா? இல்ல, பாட்டில்ல லேபிள் ஒட்டினீங்களா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சொற்போர் மேடையில் பயின்றவளுக்கு எதிர்க்கேள்வியை விடையில்லாமல் விட்டுவிடும் வழக்கம் இல்லை. இந்தக் கட்டுரை அவளுக்கான விடை.

முதலில் மருந்து. புற்றுக்கட்டி வளர்வதற்கு இரத்தம் வேண்டும்; இரத்தம் வருவதற்குக் குழாய் வேண்டும். அந்தக் குழாய்க்காகக் கட்டி ஒரு புரதத்தைத் தூது விடுகிறது. அருகில் இருக்கும் இரத்தக் குழாய்களிடம் அந்தத் தூது, "என் பக்கம் கிளை விரியுங்கள்" என்று சொல்கிறது. பாவம், அவையும் நம்பிக் கிளைவிடுகின்றன. நாங்கள் செய்த எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி என்னும் புரதம், அந்தத் தூதனை வழியிலேயே மடக்கிப் பிடிக்கும். மற்ற மருந்துகள் கட்டியைத் தாக்கும்போது இது கட்டிக்குச் சோறு போகும் பாதையை அடைக்கும். கவட்டைக் குச்சியைப் போன்ற உருவம்; விரிந்த இரண்டு கரங்களின் நுனியில் பிடி. அந்த உருவம் முழுமையாக இருந்தால்தான் அது மருந்து.

இந்தக் கவட்டையை யார் செய்கிறார்கள்? சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து என்றோ எடுக்கப்பட்டு, ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் செல்கள். அவற்றுக்கு உணவும் காற்றும் இளஞ்சூடும் கொடுத்தால் எதிர்ப்பொருளைச் சுரந்து தருகின்றன. இந்த உண்மையை மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்துச் செயலாளரிடம் ஒருமுறை விளக்கித் தொலைத்தேன். மறுநாள் அவர் மாடிப்படியில் மறித்து, "ஏம்மா, எலி மருந்து கம்பெனிலயா வேலை? நம்ம கார் நிக்கிற எடத்துல ரெண்டு பெருச்சாளி கீது. ஒரு பாக்கெட் கொண்டாயேன்" என்றார். அறிவியலை எளிமைப்படுத்துவதில் உள்ள ஆபத்தை அன்று உணர்ந்தேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பட்டமும் முதுகலையும் பெற்றேன். அவற்றோடு, கல்லூரிக்குக் கல்லூரி சொற்போர் மேடைகளில் வென்ற கோப்பைகளால் வீட்டு அலமாரியை நிறைத்தேன். எந்தத் தலைப்பு, எந்த அணி என்று கேட்கும் பழக்கமே எனக்கு இருந்ததில்லை. கொடுத்த அணிக்கு வெற்றி தேடித் தந்தேன். அந்தச் செருக்கோடுதான் கிண்டிக்கு நேர்காணலுக்குப் போனேன்.

நேர்காணல் நடத்தியவர் உற்பத்தித் தலைவர் ஹமீதா மேடம். இராயப்பேட்டையில் மூன்று தலைமுறையாக அத்தர் விற்ற குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கூடத்துக்குள் நறுமணம் எதுவும் கூடாது என்பதால் வேலை நாள்களில் ஒரு துளி அத்தரும் தொடமாட்டார். என் கோப்பைகளைப் பற்றி நான் விவரித்ததை முழுவதும் கேட்டார். பிறகு ஒரு தாளைக் கையில் கொடுத்து, இரட்டைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய் நின்று வாசிக்கச் சொன்னார். காற்று வடிகட்டும் இயந்திரங்கள் உள்ளே இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தன. முகமூடிக்குள்ளிருந்து வாசித்தேன்.

"சேவியர், கேக்குதா?" என்றார் வெளியே மேடம்.

"மவுன்ட் ரோடு வரைக்கும் கேக்கும் மேடம்! இந்தப் பொண்ண வுட்றாதீங்க" என்றார், அன்று கதவருகே நின்றிருந்த மூத்த ஆப்பரேட்டர் சேவியர் அண்ணன்.

ஏன் குரலைச் சோதித்தார் என்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கூடத்தில் 'சொல்லிச் செய்தல்' என்று ஒரு வழக்கம். செய்முறையின் ஒவ்வொரு வரியையும் ஒருவர் உரக்க வாசிப்பார். செய்பவர் அந்த வரியைத் திருப்பிச் சொல்வார். பிறகு செய்வார். செய்தபின் "ஆச்சு" என்பார். அந்த "ஆச்சு" காதில் விழாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரியும் முகமூடி, இரண்டடுக்குக் கையுறை என்று எல்லோரும் ஒன்றுபோலத் தோன்றும் அந்த இடத்தில் குரல் ஒன்றே அடையாளம். எங்கள் இணை மிகப் பொருத்தமாக அமைந்தது. நான் வாசிப்பவள், சேவியர் அண்ணன் செய்பவர். பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில், அலையின் இரைச்சலை மீறிக் கூப்பிட்டுப் பழகிய குடும்பம் அவருடையது. நாங்கள் இருவரும் சேர்ந்துவிட்டால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

"வால்வு மூணைத் திற!"

"வால்வு மூணு, தொறக்குறேன்... ஆச்சு!"

இப்படியே ஒரு நாள் முழுவதும். எந்த மேடையும் எனக்கு இத்தனை நேரம் ஒதுக்கியதில்லை.

ஹமீதா மேடத்தின் இயல்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சரி, தவறு என்ற இரண்டு சொற்களும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. யார் எதை விளக்கினாலும், கைகளைப் பின்னால் கோத்தபடி கேட்டுவிட்டு, கதை கேட்கும் குழந்தையைப் போல, "அப்புறம்?" என்பார். விளக்கத்தில் ஓட்டை இருந்தால் அந்த "அப்புறம்?" நம்மை நேராக அந்த ஓட்டைக்குள் தள்ளிவிடும். ஓட்டை இல்லாவிட்டால் நாம் சொல்லிக்கொண்டே போய்க் கரை சேர்ந்துவிடுவோம். எத்தனையோ நடுவர்களைப் பார்த்தவள் நான். ஒற்றைச் சொல்லால் தீர்ப்பெழுதும் நடுவரை அங்கேதான் பார்த்தேன்.

இனி, எங்களை உலுக்கிய வழக்குக்கு வருகிறேன்.

செல் வளர்க்கும் சிறிய கலன்களில் எல்லாம் நன்றாக நடந்தது. பெரிய கலனுக்கு மாறியதும் தொல்லை தொடங்கியது. செல்கள் செழித்து வளர்ந்தன. எதிர்ப்பொருளை வாரி வழங்கின. செல்களை வடிகட்டி நீக்கிய பின் கிடைக்கும் சாற்றைக் கண்ணாடிச் சாளரம் வைத்த ஓர் எஃகுத் தொட்டியில் நிரப்பிவைப்போம். அங்கிருந்து அதைச் சுத்திகரிப்புக் குழலுக்குள் செலுத்துவோம். குழலுக்குள் ரெசின் என்னும் நுண்மணிகள். சாறு ஓடும்போது எதிர்ப்பொருள் மட்டும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கழுவிப்போகும். பிறகு மெல்லிய அமிலம் விட்டால் எதிர்ப்பொருள் பிடியை விட்டு இறங்கிவரும். அந்த நேரத்தில் கணினித் திரையில் ஒரு கோடு மலைபோல எழும். அந்த மலை எழுவதைப் பார்க்க மேடம் எங்கிருந்தாலும் வந்து நிற்பார். எங்கள் குழல் சிறியது, தொட்டி பெரியது. ஆகவே ஒரே சாற்றைப் பல சுற்றுகளாகச் செலுத்த வேண்டியிருந்தது.

முதல் சுற்றில் இறங்கிய எதிர்ப்பொருள் முழுமையாக இருந்தது. பின்சுற்றுகளில் இறங்கியது உடைந்திருந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் தர ஆய்வகத்து வெங்கட். மயிலாப்பூர்க்காரன், என்னோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் என்ற மெல்லிய தகட்டைச் சாயமேற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். முதல் சுற்றுக்கு உச்சியில் ஒரே தடித்த நீலப் பட்டை. கடைசிச் சுற்றுக்கு ஏணிப்படிகளைப் போலக் கீழ்நோக்கிப் பட்டைகள்: அரைக் கவட்டை, கால் கவட்டை, வெறும் குச்சி.

"நான் என்ன பண்ணட்டும்? சுத்துக்குச் சுத்து ஒடைஞ்சிண்டே வரது" என்றான் வெங்கட். "நீங்க ரெண்டு பேரும் உள்ளே போட்ற சத்தத்துல மாலிக்யூலே நொறுங்கறதோ என்னமோ."

மறுமுறையும் அதே கதை. முதலாளி மேடத்தை அழைத்துப் பேசினார். இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்பது. அதுவும் உடைந்தால் அந்தக் கூடத்தை மாத்திரை அட்டை கட்டும் பிரிவுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. திரும்பி வந்த மேடம் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. செல்களை அழித்துவிட வேண்டும். நாங்கள் வேறு வேலை தேட வேண்டும். இந்த நகரத்தில் இந்த மருந்தை நாமே செய்துகாட்ட முடியும் என்று அவர் கொடுத்த வாக்கும் அன்றோடு முடியும்.

குற்றவாளி யார்? இரண்டு கட்சிகள் உருவாயின. குழலில் உள்ள ரெசின் சுற்றுக்குச் சுற்று பழுதாகிறது, அமிலம் பட்டுப் பட்டு அதுவே எதிர்ப்பொருளை உடைக்கிறது என்பது என் கட்சி. பின்சுற்றுக்குப் போகும் சாறு தொட்டியில் நெடுநேரம் காத்துக் கிடக்கிறது, உடைப்பு அங்கேதான் என்பது வெங்கட்டின் கட்சி. இருக்கும் ஒரே சான்று இரண்டு கட்சிகளுக்கும் சமமாகப் பொருந்தியதுதான் கொடுமை.

"கேண்டீன்ல எல்லாரும் உட்காருங்க. ரெண்டு பேரும் பேசுங்க" என்றார் மேடம்.

கிண்டியின் வரலாற்றில் ரெசினுக்காக நடந்த ஒரே பட்டிமன்றம் அதுவாகத்தான் இருக்கும். பராமரிப்புப் பிரிவினர், கிடங்குப் பிரிவினர், தேநீர் ஊற்றுபவர் என எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் எழுந்தேன். அடக்கம் கருதி மறைக்க விரும்பவில்லை: என் வாழ்நாளின் சிறந்த உரைகளில் அது ஒன்று. அமிலத்தின் கொடுமையை விவரித்தேன்; களைத்துப்போன ரெசினுக்காகக் கசிந்தேன்; பழைய தொட்டியைப் பழிப்பது வாயில்லாப் பிராணியை அடிப்பதற்கு ஒப்பாகும் என்று முழங்கினேன். சேவியர் அண்ணன் விசிலடித்தார். தன் தொட்டியை நான் காப்பாற்றிய மகிழ்ச்சி அவருக்கு.

வெங்கட் எழுந்து, "தொட்டில ஏதோ நடக்கறது. என்னன்னு தெரியலை" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா வெங்கட்டு, அவ்ளோதானா? டீ ஆர்றதுக்குள்ள முட்ச்சிட்ட!" என்றார் சேவியர் அண்ணன்.

அரங்கமே என் பக்கம். மேடம் என்னைப் பார்த்து, "நல்லாப் பேசின, மதி" என்றார். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். "நாளைக்கு இதே நேரம், வெங்கட் பக்கத்துக்குப் பேசு."

"மேடம், நான் இந்தப் பக்கத்தை நம்பறேன்."

"தெரியும். காலேஜ்ல நம்பின பக்கத்துக்கு மட்டும்தான் பேசினியா?"

கொடுத்த அணியில் நின்று பேசுபவள் என்று நேர்காணலில் பெருமையடித்தவள் நான்தானே? மறுக்க வழியில்லை. ஆனால் "என்னன்னு தெரியலை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார என்னால் முடியாது. எதிரணிக்குப் பேசுவதென்றால் எதிரணிக்குச் சரக்கு வேண்டும். சரக்கு தேடித் தொட்டியிடம் போனேன்.

"சேவியர் அண்ணா, வடிகட்டினதுலேர்ந்து என்னென்ன செய்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இன்னாத்துக்கு? இப்பதான் தொட்டி நல்லவன்னு சொன்ன. அதுக்குள்ள அதும் மேல கேஸ் போடப் போறியா? நல்ல வக்கீலம்மா நீ!" என்று கேலி செய்துவிட்டு, தொட்டியை ஒரு தாயின் வாஞ்சையோடு தட்டிக் காட்டினார். "மொத தபா செல்லு போடாம பெரிய கலன்ல வெள்ளோட்டம் வுடசொல்ல எவ்ளோ நொரை வந்துச்சு, ஞாபகம் கீதா? இப்ப பாரு. கழுத்து வரைக்கும் ரொப்பி, காத்து பூர எடமே வெக்காம மூடிட்றேன். அசைக்கிறதும் இல்ல. ஒரு சொட்டு நொரை காட்டு பாப்போம்!"

அதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை இருந்தது. நுரை எதிர்ப்பொருளுக்குப் பகை என்று படித்திருந்தோம். ஆகவே நுரையை ஒழிப்பதையே ஒரு விரதமாகக் கொண்டிருந்தோம். மேடம் அனுமதித்தார், நான் வாசித்தேன், வெங்கட் பாராட்டினான், சேவியர் அண்ணன் செய்தார். பார்வையாளர்கள் வந்தால் நாங்கள் முதலில் காட்டும் தொட்டி அது. தேவாலயத்துத் தீர்த்தம்போல அசையாமல் நிறைந்து நின்றது.

காற்றுப் புக இடமே இல்லை. அந்த இடத்தில் என் மனம் நின்றுவிட்டது.

எதிரணிக்காக யோசிக்கத் தொடங்கினேன். கவட்டையின் பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். வடிகட்டும்போது கொஞ்சம் செல்கள் கிழிந்து, அவற்றின் உள்ளிருக்கும் நொதிகள் சாற்றில் கலந்துவிடும். அந்த நொதிகள் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கக்கூடியவை. சாற்றில் காற்று கரைந்திருக்கும் வரை அவற்றின் கை ஓங்காது. அவிழ்ந்ததையும் காற்றின் உயிர்வளி மீண்டும் பிணைத்துவிடும். கரைந்த காற்று தீர்ந்துபோனால்? மூடிய தொட்டிக்குள் நொதிகளைத் தடுக்க யாருமில்லை. கல்லூரியில் தேர்வுக்காகப் படித்த வேதியியல்தான். ஒரு வழக்கறிஞரைப்போலத் தேடியபோது அது சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது.

மறுநாள் கேண்டீனில் பேசினேன். இம்முறை உவமைகளைக் குறைத்தேன். "நாம் செய்யும் மருந்து, கட்டியை மூச்சுத் திணறவைக்கும் மருந்து. அந்த மருந்தையே நாம் மூச்சுத் திணறவைத்திருக்கிறோம் என்று இந்த அணி குற்றம் சாட்டுகிறது" என்று முடித்தேன். விசில் வரவில்லை. சேவியர் அண்ணன் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

மேடம் முன்னால் சாய்ந்தார். "அப்புறம்?"

"அப்புறம், ரெண்டு பாட்டில், மேடம். சின்னக் கலன்ல ஓடிக்கிட்டிருக்கிறதை வடிகட்டிச் சாறு எடுத்துக்கலாம். ஒண்ணைக் கழுத்து வரைக்கும் ரொப்பி மூடணும். இன்னொண்ணை அரைவாசி ரொப்பி, மூடியைத் தளர்த்தி, ஆட்டிக்கிட்டே இருக்கணும். நாளைக்கு வெங்கட் ஜெல் பாக்கட்டும். ரெசினே வேண்டாம்."

வெங்கட் சிரித்தான். "என் கட்சியை எங்கிட்டேருந்து திருடிண்டு போயிட்டியே!"

அடுத்த நாள் அவன் ஜெல்லைக் கொண்டுவந்தான். வெளிச்சத்தில் வைத்தான். நிரம்பிய பாட்டிலுக்கு ஏணி. அரைப் பாட்டிலுக்கு ஒரே தடித்த நீலப் பட்டை. ரெசின் விடுதலை, தொட்டி குற்றவாளி. என் முதல் உரை தரைமட்டம். அதை இடித்ததும் நானே. ஒரே வழக்கில் இரு பக்கமும் வாதாடித் தோற்கவும் வெல்லவும் செய்த பேச்சாளர் என்னைத் தவிர வேறு யார்?

அது பாட்டிலில் கிடைத்த தீர்ப்பு. மேல்முறையீடு பெரிய தொட்டியில் காத்திருந்தது. முதலாளி கொடுத்த கடைசி வாய்ப்பில் செய்முறையை மாற்றினோம். தொட்டியில் மேலே நல்ல இடைவெளி விட்டோம், சாற்றைக் குளிரவைத்தோம், அடியிலிருந்து மெல்லக் காற்றுக் குமிழிகளை ஏற்றினோம். புதிய வரியை நான் வாசித்தேன்: "காற்றுக் குழாயைத் திற!"

சேவியர் அண்ணன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேவியர் அண்ணா! காற்றுக் குழாயைத் திற!"

"தொறக்குறேன்... ஆனா நொரை வரும், மதி."

"வரட்டும்!"

"காத்துக் கொழாய் தொறந்தாச்சு. ஐயோ, வருது பாரு. மாதாவே, கண்ணால பாக்க முடியல. சோப்புத் தண்ணி மாரி கீது!"

"எவ்வளவு?" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து மேடம் சைகையால் கேட்டார். சேவியர் அண்ணன் இரண்டு விரல்களை இடைவெளிவிட்டுக் காட்டினார். மேடம் கட்டைவிரலை உயர்த்தினார். நுரையைப் பார்த்துக் கட்டைவிரல் உயர்த்திய உற்பத்தித் தலைவர் உலகிலேயே அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுற்றுகள் நடந்தன. ஒவ்வொரு சுற்றிலும் திரையில் மலை எழுந்தது. மலையின் உயரம் எங்களுக்குப் புதிதன்று. முன்பும் இப்படித்தான் எழுந்து எங்களை ஏமாற்றியது. கடைசிச் சுற்றின் மாதிரியை வெங்கட் எடுத்துக்கொண்டு போனான். ஜெல் ஓடி முடியும் வரை அவனுடைய ஆய்வகக் கதவின் வெளியே நாங்கள் நின்றோம். சேவியர் அண்ணன் செபமாலையை உருட்டினார். மேடம் கைகளைப் பின்னால் கோத்திருந்தார்.

கதவு திறந்தது. சாயம் சொட்டும் தகட்டை வெங்கட் உள்ளங்கைகளில் ஏந்தி நின்றான். முதல் சுற்று, நடுச் சுற்று, கடைசிச் சுற்று: எல்லாம் ஒரே உயரத்தில் ஒரே பட்டை. ஏணி இல்லை. படிகள் இல்லை.

"முழுசா இருக்கு" என்றான். "ஒண்ணுகூட ஒடையலை, மேடம்."

சேவியர் அண்ணன் வெங்கட்டை அப்படியே தூக்கிவிட்டார். "ஐயோ, ஜெல்லு, ஜெல்லு! கீழே போட்டுடுவேன், விடுங்கோண்ணா!" என்று அவன் கத்தினான். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எதுவும் சொல்லவில்லை என்கிறார்கள். அது ஒரு சாதனை.

முதலாளி வந்தார், தகட்டைப் பார்த்தார். அவருக்குப் பட்டைகள் புரியாது. எங்கள் முகங்கள் புரிந்தன. "அட்டை கட்டுறவங்களுக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "வாங்க. அடுத்தது ஆரம்பிக்கணும்."

திரவ நைட்ரஜன் கலனின் மூடியைத் திறந்தார். வெண்புகை தரையில் வழிந்தது. உள்ளிருந்து சுண்டுவிரல் அளவுள்ள ஒரு குப்பியை எடுத்தார். எங்கள் செல்கள் அதற்குள் உறைந்து கிடந்தன. இந்த முறையும் உடைந்திருந்தால் அழிக்கப்பட்டிருக்க வேண்டிய அதே செல்கள். இடுக்கியோடு குப்பியை என்னிடம் நீட்டினார்.

வெதுவெதுப்பான நீரில் அதைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். உள்ளே இருந்த பனிக்கட்டி பட்டாணி அளவாயிற்று, மிளகு அளவாயிற்று, கடுகு அளவாயிற்று. கடுகு மறையும் முன் எடுத்துவிட்டேன். ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு நுண்ணோக்கியில் குனிந்தேன். என் தோளுக்கு மேலாக மூன்று பேரும் குனிந்தார்கள்.

"உசுரோட கீதா?" என்றார் சேவியர் அண்ணன்.

வட்ட வட்டமாக, பளபளவென்று, விளிம்பில் ஒளி ததும்ப, காட்சிப் பரப்பு முழுவதும் நிறைந்திருந்தன. எண்ணத் தொடங்கிய நான் எண்ணுவதை விட்டுவிட்டு நகர்ந்து, அவருக்கு இடம் கொடுத்தேன்.